இலவசக் கேத்தல் பெறுவது எப்படி?

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு மின்சாரக் கேத்தல் இருக்கிறது. வெள்ளி நிறம், கறுப்புக் கைப்பிடி, 1.7 லீற்றர் பிடிக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது, "இது காசு குடுத்து வாங்கினதில்ல, பேங்க்ல சும்மா தந்தது" என்று சொல்லிவிடுவேன். மனைவி சரியாக அந்த நேரம் பார்த்து எழுந்து உள்ளே போவார். சும்மா வந்த கேத்தலுக்கு இதுவரை என்ன செலவானது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பவர் அவர்தான்.

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் லேனில் இருக்கிற நாலைந்து பேர் கேத்தலைப் பார்த்துவிட்டு வழி கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தேத்தண்ணியும் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அதனால் எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறேன். கிரெடிட் காட் எடுத்து, பொயின்ட்ஸ் பிடித்து, பரிசு வாங்குவது ஒரு கலை. நான் அதில் கரைகண்டவன். கரை ஏறினேனா என்பது வேறு விஷயம்.

முதலில் ஒன்று: வங்கிக்குப் போகாதீர்கள். கடன் கேட்டு வாசற்படி ஏறுகிறவனை வங்கி ஏற இறங்கப் பார்க்கும். பிணைக்கு இரண்டு பேரைக் கூட்டி வரச் சொல்லும். கடனே வேண்டாம் என்று தன் பாட்டில் நடந்து போகிறவனைத்தான் அதற்குப் பிடிக்கும். ஆகவே ஒரு சனிக்கிழமை பின்னேரம் தலதா வீதிப் பக்கம் இறங்கி, ஏதாவதொரு ஷொப்பிங் கட்டடத்துக்குள் எதையும் வாங்கும் எண்ணம் இல்லாதவர் போல நடவுங்கள். கையில் பையோ குடையோ இருந்தால் நல்லது, குடும்பஸ்தர் என்று தெரியும். நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, இரண்டு பலூன், ஒரு பதாகை, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பிள்ளை. அங்கே நடையைக் கொஞ்சம் மெதுவாக்குங்கள், போதும்.

"அங்கிள், ரெண்டே நிமிஷம்."

"என்கிட்ட ஏற்கனவே ஏ.டி.எம். காட் இருக்கும்மா."

"அது உங்க காசு அங்கிள். இது எங்க காசு."

முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் சொல்லிக் கொடுத்தவன் நான். தன்மைப் பன்மையை இவ்வளவு அழகாக யாரும் பிரயோகித்து நான் கேட்டதில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்தது விண்ணப்பம். தேசிய அடையாள அட்டையின் பிரதி, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வதிவிடத்தை உறுதிப்படுத்த உங்கள் பெயருக்கு வந்த கரண்ட் பில் அல்லது தண்ணீர் பில். இந்த மூன்றாவதைப் படித்தவுடன் புசல்லாவைப் பக்கமும் தெல்தோட்டைப் பக்கமும் பாதிப் பேர் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிடலாம். லயத்தில் இருப்பவனுக்கு ஏது பில்? ஏது இலக்கம்? தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும்தான் முகவரி, அதுவும் இருநூறு குடும்பத்துக்கும் சேர்த்து ஒன்று. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும். அங்கிருந்து லயத்துக்கு எப்போது ஏறும் என்பது ஆபீசில் யார் இருக்கிறார், அவருக்கு என்ன மனநிலை என்பதைப் பொறுத்தது. நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொன்ன கடிதம், பரீட்சை முடிந்து வேறொருவன் வேலையிலும் சேர்ந்த பிறகு கைக்கு வந்த கதை இல்லாத தோட்டம் மலையகத்தில் இல்லை.

எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்து டவுனுக்கு இறங்கிய பிறகுதான் எனக்கென்று ஓர் இலக்கம் வந்தது. நாற்பத்தேழின் கீழ் இரண்டு. அதை மரப்பலகையில் வெள்ளைப் பெயின்ட்டால் நானே எழுதி வாசலில் அடித்தேன். அந்த இலக்கத்தைத் தேடி முதலில் வந்த கடிதம் தண்ணீர் பில். எடுத்துப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம். அது எவ்வளவு பெறுமதியான கடதாசி என்பது பல வருடம் கழித்து, பலூன் கட்டிய அந்த மேசையில்தான் புரிந்தது.

சம்பளச் சீட்டு இன்னொரு வடிகட்டி. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி ஆயிரம் ரூபா என்று வர்த்தமானியில் வந்ததே 2021இல்தான், அதுவும் ஆண்டுக்கணக்கில் கத்திய பிறகு. வங்கி கேட்கும் மாத வருமானத்துக்கு அது எட்டாது. ஆனால் இதற்காக வருத்தப்பட வேண்டாம். அவர்களுக்கு வேறு வகையான காட் முன்பே கொடுத்து முடிந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கையெழுத்துப் போடும் இடங்களைப் பிள்ளை பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டும். புள்ளிகளை மட்டும் பாருங்கள். சுற்றியுள்ள எழுத்துகளைப் படிக்க முயன்றால் கண்ணுக்குத்தான் கெடுதி. அவை படிப்பதற்காக அச்சிடப்பட்டவை அல்ல. எனக்குச் சொல்லப்பட்ட சாரம் இதுதான்: காட் கைக்கு வந்து அறுபது நாளுக்குள் ஒரு இலட்சம் ரூபா செலவழித்தால் ஐயாயிரம் பொயின்ட்ஸ் இனாம். அதற்கு மேல் ஒவ்வொரு நூறு ரூபாவுக்கும் ஒரு பொயின்ட். முதல் வருடக் கட்டணம் இல்லை. ஆறாயிரம் பொயின்ட்ஸுக்குக் கேத்தல்.

அறுபது நாளில் ஒரு இலட்சம் செலவழிப்பது எப்படி என்று ஓர் ஆசிரியரைக் கேட்பது, நீந்துவது எப்படி என்று கோழியைக் கேட்பது மாதிரி. ஆனாலும் முறை இருக்கிறது. வழக்கமாகச் செய்கிற செலவை எல்லாம் காட்டுக்கு மாற்றுங்கள். அரிசி, பருப்பு, காஸ் சிலிண்டர், மருந்து. நான் மத்திய சந்தையில் காய்கறி வாங்குவதை நிறுத்திவிட்டு, வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாள் இன்ன வங்கிக் காட்டுக்குக் காய்கறி கால்வாசி விலை கழிவு என்று போட்டிருந்த சுப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். கழிவு போகக் கரட், லீக்ஸ், போஞ்சி எல்லாமாக முந்நூற்றி இருபது ரூபா மிச்சம். போய் வந்த த்ரீவீலுக்கு ஐந்நூறு. ஒன்பது பொயின்ட்ஸ் கிடைத்தது. நான் காலமெல்லாம் போஞ்சி வாங்கிய சந்தைக்கார அம்மா இரண்டு வாரம் கழித்து வழியில் கண்டு, "என்ன சேர், சுகமில்லையா?" என்று விசாரித்தார்.

இப்படிச் சில்லறையாகத் தேய்த்தால் அறுபது நாளில் இருபத்தையாயிரம் தேறும். மீதிக்கு ஒரு பரமரகசியம் உண்டு. கெட்டிக்காரர்கள் அனைவரும் செய்வது: மற்றவர்கள் வாங்கும் பொருளுக்கு உங்கள் காட்டைக் கொடுத்து, அவர்களிடம் காசாக வாங்கிக்கொள்வது. பொருள் அவர்களுக்கு, பொயின்ட்ஸ் உங்களுக்கு, காசு வங்கிக்கு. எல்லாருக்கும் நன்மை. என் மனைவியின் தம்பி உல்லாசப் பயணிகளுக்கு வான் ஓட்டுகிறவன். அவனுக்கு ஒரு வாஷிங் மெஷின் தேவைப்பட்டது. எழுபத்தையாயிரம். கணக்கு எவ்வளவு பொருத்தமாக வருகிறது பாருங்கள், தெய்வம் போட்ட மாதிரி.

பத்தாயிரம் உடனே தந்தான். மீதிக்கு, "பெரஹரா சீசன் வரட்டும் மச்சான்" என்றான். அப்போது நவம்பர் மாதம். எசல பெரஹரா வருவது ஜூலை, ஆகஸ்டில்.

வாஷிங் மெஷினைக் கொழும்பு வீதிக் கடை ஒன்றில் வாங்கினோம். கடைக்காரர் காட்டைக் கண்டதும் முகத்தைச் சுளித்து, "காட்டுன்னா மூணு வீதம் கூட வரும் சேர்" என்றார். இப்படிக் கூட்டி அறவிடக்கூடாது என்று மத்திய வங்கி பலமுறை அறிவித்திருக்கிறது. காட் மெஷின் வாங்கும்போது வங்கியோடு போட்ட ஒப்பந்தத்துக்கே அது விரோதம். இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். "அப்ப காசாத் தாங்க சேர்" என்றார். நியாயமான பேச்சு. காட்டுக்கு அவரிடமிருந்து வங்கி தரகு எடுக்கிறது. அந்தத் தரகிலிருந்து ஒரு துளிதான் எனக்குப் பொயின்ட்ஸாக வருகிறது. கடைக்காரர் அதை என் தலையில் கட்டுகிறார், அல்லது பொருளின் விலையில் ஏற்றிக் காசு கொடுத்து வாங்குகிறவர் தலையிலும் சேர்த்துக் கட்டுகிறார். அந்தத் தரகுக்குள் காட் கொடுத்த வங்கிக்குப் போகும் பங்கை, தனியாட்களின் கிரெடிட் காட்டுக்கு 0.3 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கட்டிப்போட்டது. அதோடு அங்கே பொயின்ட்ஸும் மெலிந்தது. அமெரிக்காவில் அப்படிக் கட்டுப்பாடு இல்லை, அதனால்தான் பெரிய பெரிய போனஸ் எல்லாம் அங்கே. கொழும்பு வீதியில் மூன்று வீதம். எழுபத்தையாயிரத்துக்கு இரண்டாயிரத்து இருநூற்றைம்பது ரூபா. மச்சான் அதைத் தன் கணக்கில் சேர்க்க ஒப்புக்கொள்ளவில்லை, "பொயின்ட்ஸ் ஒனக்குத்தானே" என்றுவிட்டான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவியின் கொப்பியிலும் அது ஏறவில்லை, நான் சொன்னால்தானே.

இலட்சம் நிறைந்தது. ஐயாயிரம் பொயின்ட்ஸ் வந்தது. குறுஞ்செய்தியில் வாழ்த்து வந்தது, என் பெயரைப் பிழையாக எழுதி.

இப்போது அந்தப் பழைய கதை. மேசையில் இருந்த பிள்ளையிடம், "உனக்கு இதுல என்னம்மா கிடைக்கும்?" என்று விண்ணப்பம் நிரப்பும்போது கேட்டிருந்தேன். "தலைக்கு இவ்வளவுன்னு கொமிஷன் அங்கிள்" என்றது. தலைக்கு என்றதும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. அவர் தன் தகப்பனார் கடல் கடந்து வந்த கதையைச் சொல்லும்போது இந்தச் சொல் அடிக்கடி வரும்.

கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் கண்டிச் சீமைக்கு ஆள் பிடிக்கப் போன கங்காணி வெறுங்கையோடு போகவில்லை. துரை கொடுத்த முன்பணம் அவர் மடியில் இருந்தது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் மழை பொய்த்த வருடமாகப் பார்த்துப் போவார். ஊரில் உள்ள பழைய கடனைத் தீர்க்கக் கொஞ்சம், வழிச்செலவுக்குக் கொஞ்சம், பெண்சாதிக்கு ஒரு சேலை. வாங்குகிறபோது அது இனாம் மாதிரித்தான் இருக்கும். கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து, கொள்ளை நோய்க்குத் தப்பியவர்கள் மாத்தளை வந்து சேர்ந்து, தோட்டத்துப் பேரேட்டில் பெயர் ஏறும்போது பார்த்தால் அது கடனாக நிற்கும். சேலையும் கடன், வழியில் குடித்த கஞ்சியும் கடன். ஆள் வேலைக்கு இறங்குகிற நாளுக்கெல்லாம் கங்காணிக்குத் தலைக்காசு. அதே காலத்தில் தோட்டத்துரைமாருக்காக ஹட்டனில் 1888இல் ஒரு வங்கி பிறந்தது. இன்றைய ஹட்டன் நஷனல் பேங்கின் ஆதி அதுதான். துரைக்கு வங்கி, தொழிலாளிக்குக் கங்காணியின் மடி.

இதில் துண்டு என்று ஒரு சாமான் இருந்தது. தோட்டம் மாற வேண்டுமென்றால் துரை ஒரு துண்டுக் கடதாசி எழுதிக் கொடுப்பார்: இன்ன ஆட்களின் கடன் இவ்வளவு, இதைக் கட்டுகிறவர் ஆட்களைக் கொண்டு போகலாம். புதிய தோட்டம் பழைய தோட்டத்துக்குக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் தீராது, இடம் மாறும். சிலவேளை போகிற வழியில் கொஞ்சம் கொழுக்கும். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தோடு துண்டு ஒழிந்தது. போன வாரம் எனக்கு வேறொரு வங்கியிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. என் காட்டில் இருக்கிற கடனை அவர்கள் கட்டித் தங்கள் காட்டுக்கு எடுத்துக்கொள்வார்களாம், முதல் ஆறு மாதம் வட்டியும் இல்லையாம். பெலன்ஸ் ட்ரான்ஸ்பர் என்று பெயர்.

சரி, பாடத்துக்கு வருவோம். வட்டி.

வட்டி இல்லாமல் காட் பாவிக்கலாம் என்பது உண்மை. வாங்கிய நாளிலிருந்து ஐம்பது நாள் அளவுக்குச் சலுகை உண்டு, ஸ்டேட்மென்டில் போட்டிருக்கும் முழுத் தொகையையும் கடைசித் திகதிக்கு முன் கட்டிவிட்டால். ஒரு ரூபா மிச்சம் வைத்தாலும் சலுகை போயிற்று. பொருள் வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும். ஏ.டி.எம்.இல் இந்தக் காட்டைப் போட்டுக் காசு எடுத்தால் சலுகையே கிடையாது, காசு கைக்கு வந்த நிமிடமே வட்டியும் பிறந்துவிடும், எடுத்ததற்குக் கட்டணம் வேறு.

எவ்வளவு வட்டி? இந்த நாட்டில் இதற்கு ஒரு சரித்திரமே எழுதலாம். 2020 ஆகஸ்டில் கிரெடிட் காட் வட்டி 18 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று மத்திய வங்கி உத்தரவு போட்டது. 2022 ஏப்ரலில், டொலரும் பெற்றோலும் இல்லாமல் நாடு கவிழ்ந்து கிடந்தபோது, மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 புள்ளி ஏற்றியது. காட்டுக்கு இருந்த உச்சவரம்பும் போனது. சில வங்கிகளில் 36 வீதம் வரை ஏறியது. 2023 ஆகஸ்டில் மறுபடி ஒரு வரம்பு வந்தது: 28. அதே உத்தரவில் நகை அடகுக்கு 18. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நான் மறந்துவிட்டேன். மனைவி மறக்கவில்லை. "தாலிக்கொடியை அடகு வச்சிருந்தாக்கூட பதினெட்டோட போயிருக்கும்" என்றார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை.

மச்சானின் காசு வரவில்லை. ஒரு இலட்சத்துக்கு ஸ்டேட்மென்ட் வந்தது. அதன் கீழே ஒரு கட்டத்தில், பெரிய எழுத்தில், மிகவும் அன்பாக, "ஆகக் குறைந்தது 5,000 செலுத்தினால் போதும்" என்ற பொருளில் எழுதியிருந்தது. இந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் எந்த வழிகாட்டியும் நிறைவு பெறாது. இலட்சத்துக்கு 28 வீதம் என்றால் மாத வட்டி 2,333. நீங்கள் கட்டுகிற ஐயாயிரத்தில் அது முதலில் போகும். கடனில் கழிவது 2,667. அடுத்த மாதம் குறைந்தபட்சத் தொகையும் கொஞ்சம் குறையும், அதனால் கழிவதும் குறையும். ஒரு சாமானும் புதிதாக வாங்காமல், வங்கி கேட்ட குறைந்தபட்சத்தை மட்டும் தவறாமல் கட்டிவந்தால், இலட்சம் பாதியாவதற்கு இரண்டு வருடம் தாண்டும். இந்தக் கணக்கை நான் பிறகுதான் போட்டேன். இலக்கண ஆசிரியன் என்பதால் மன்னிக்கலாம்.

ஏன் அப்போதே போடவில்லை என்றால், அந்த மாதங்களிலும் பொயின்ட்ஸ் வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது ஏறுவதைப் பார்க்கிற மனத்துக்கு மற்றப் பக்கம் தெரியாது. பேருந்தில் பேராதனை தாண்டும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்ப்பேன். 6,114. 6,131. கோழி முட்டை இட்டதா என்று பார்க்கிற மாதிரி.

பதினான்கு மாதம் அப்படிப் போனது. பெரஹரா வந்து, யானைகள் நடந்து, பெரஹரா போனது. மச்சான் வானுக்கு டயர் மாற்றினான். கடைசியில் மனைவிக்குச் சீட்டு விழுந்த மாதம் மீதி 67,355 ரூபாவையும் ஒரேயடியாகக் கட்டினோம். பத்துப் பேர், மாதம் ஏழாயிரம், எங்கள் லேனிலேயே ஓடுகிற சீட்டு. அதற்கு வட்டி இல்லை, விண்ணப்பம் இல்லை, பொயின்ட்ஸும் இல்லை.

என் அண்ணன் மகன் திகனவில் இருக்கிறான், கொம்பியூட்டர் படித்தவன். சித்தப்பாவுக்கு விஷயம் தெரியாது என்பது அவன் கட்சி. யூடியூபில் அமெரிக்கர்கள் ஒரே நாளில் ஐந்து வங்கிக்கு விண்ணப்பித்து, ஐந்து போனஸும் வாங்கி, உலகம் சுற்றுவதைப் பார்த்து அதையே செய்தான். ஐந்தும் நிராகரிப்பு. இங்கே எந்த வங்கியும் விண்ணப்பம் கிடைத்ததும் முதலில் தட்டிப் பார்ப்பது 'கிரிப்' என்று நாம் சொல்லும் கடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. "கிரிப்ல பேர் விழுந்துட்டா அவ்வளவுதான்" என்று ஏதோ பொலிஸ் புத்தகம் போலப் பேசிக்கொள்கிறோம். உண்மையில் நல்லபடி கட்டினவன் பெயரும் அதில் இருக்கும். கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது வங்கிதான், கிரிப் அல்ல. ஆனால் எந்த எந்த வங்கி உங்களைப் பற்றி விசாரித்தது என்பதும் அதில் பதிவாகும். ஒரே நாளில் ஐந்து வீட்டில் பெண் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றிக் கல்யாணத் தரகர் என்ன சொல்வாரோ அதுதான் நடந்தது. உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே கேட்டு எடுத்துப் பார்க்கலாம். இந்தக் கட்டுரையில் நையாண்டி கலக்காமல் சொல்கிற புத்திமதி இது ஒன்று.

பொயின்ட்ஸில் ஜெயித்தவர்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1999இல் கலிபோர்னியாவில் டேவிட் பிலிப்ஸ் என்ற பொறியியலாளர், ஒரு கம்பனி தன் உணவுப் பெட்டிகளின் பார்கோட்டுக்கு விமான மைல் கொடுப்பதைக் கவனித்தார். அந்தக் கம்பனியின் மிக மலிவான சாமான் புடிங் கோப்பை. 12,150 கோப்பை வாங்கினார். செலவு 3,000 டொலருக்குச் சற்று மேல், கிடைத்தது பன்னிரண்டரை இலட்சம் மைலுக்கு மேல். பார்கோட்டை உரிக்க ஆள் போதாமல், புடிங்கைத் தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்து அவர்களையே உரிக்க வைத்தார். மகாபுத்திசாலி. ஆனால் கவனியுங்கள், அவர் கடன் வாங்கவில்லை, கையில் இருந்த காசில் விளையாடினார். நமக்குக் கிடைப்பது புடிங் இல்லை, வட்டிலப்பம். அதிலும் முதல் மூன்று எழுத்து மட்டும்.

எனக்கும் ஒரு மைல் கனவு இருந்தது. தாத்தாவின் தகப்பன் நடந்து வந்த வழியை நான் பறந்து திரும்பிப் போக வேண்டும், கட்டுநாயக்காவில் ஏறித் திருச்சியில் இறங்க வேண்டும். அங்கே எங்கள் ஊர் எது என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது, தாத்தா 'முசிறிக்கு அங்கிட்டு' என்று மட்டும் சொல்வார். பொயின்ட்ஸை மைலாக மாற்றலாம் என்று பட்டியலில் இருந்ததைக் கண்டு வங்கிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அந்தத் தம்பி பொறுமையாக விளக்கினார். அவர் சொன்ன விகிதப்படி என் ஆறாயிரத்துச் சொச்சத்தையும் மைலாக மாற்றி ஏறினால், விமானம் நீர்கொழும்பைத் தாண்டும்போதே என்னை இறக்கிவிட வேண்டியிருக்கும்.

ஆகவே கேத்தல். வங்கியின் கண்டிக் கிளையில் வந்து எடுக்கச் சொன்னார்கள். போனேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலில் வந்தேன். அன்று இரவு மனைவி கொப்பியை எடுத்து எனக்குக் கேட்கும்படி வாசித்தார். வட்டி 27,368. இரண்டாம் வருடக் கட்டணம் 3,000. இரண்டு நாள் பிந்திக் கட்டியதற்கு 1,500. கேத்தல் எடுக்கப் போன த்ரீவீல் 500. ஆகமொத்தம் 32,368 ரூபா. அதே கேத்தல், அதே நிறம், கொழும்பு வீதியில் 4,900. காட் என்றால் மூன்று வீதம் கூட.

காட்டை ரத்துச் செய்வது எப்படி என்பதோடு முடிக்க நினைத்தேன். கண்டிச் சீமைக்கு எங்கள் ஆட்கள் வந்ததே காட்டை வெட்டத்தான். மலை மலையாக வெட்டிக் கோப்பி நட்டார்கள். அந்தப் பரம்பரையில் வந்த எனக்கு இந்த ஒரு காட்டை வெட்ட இரண்டு வருடமாக முடியவில்லை. கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்து வங்கிக்குப் போன் எடுத்தேன். "ஏன் சேர், எங்க சேவையில ஏதும் குறையா?" என்று ஒரு குரல் கவலைப்பட்டது. முப்பது வருட ஆசிரியத் தொழிலில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இந்த வருடக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னது. நல்லெண்ணத்துக்கு நாலாயிரம் பொயின்ட்ஸும் போடுவதாகச் சொன்னது. கத்தரிக்கோலை மனைவியின் தையல் பெட்டியில் திருப்பி வைத்தேன்.

இப்போது கணக்கில் 6,600 பொயின்ட்ஸ் நிற்கிறது. ஆனால் கேத்தல் ஆறாயிரத்திலிருந்து ஒன்பதாயிரத்துக்கு ஏறிவிட்டது. பொயின்ட்ஸுக்கும் பணவீக்கம் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, உங்களுக்கு நான் சொல்கிறேன். இன்னும் 2,400 வேண்டும். இதை வாசித்துவிட்டு விண்ணப்பிக்கப் போகிறவர்கள், படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'அறிமுகம் செய்தவர்' என்றொரு கட்டம் இருக்கும், அதை மட்டும் வெறுமையாக விட்டுவிடாதீர்கள். என் பெயரைப் போடுங்கள். தலைக்கு 800 பொயின்ட்ஸ். மூன்று பேர் போதும், கேத்தலின் மூடி உடைந்து இரண்டு மாதமாகிறது.